குங்ஃபூ பாண்டா நான்காம் பாகம் ஏன் ஏமாற்றியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் உறவுக்குள் பிள்ளைகளைப் படத்துக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ‘குங்ஃபூ பாண்டா’ வரிசையின் நான்காவது படத்தைப் பார்த்துவிட்டு வந்து, இது அக்கறையில்லாமல் எழுதப்பட்ட கதை என்று நான் சொல்லப்போக, மதினிமாரும் உடன் வேலை பார்ப்பவர்களும் பிள்ளைகளின் நண்பர்களைப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருப்பதால், படத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அதை மனத்தில் கொண்டு படிக்கவும்.

முந்தைய படங்களைப் பார்க்காதவர்களுக்கு, கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் எடுத்த இந்த வரிசையில் 2008, 2011, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நான்கு படங்கள் வந்திருக்கின்றன. நூடுல்ஸ் கடை நடத்தும் வாத்து ஒன்று வளர்த்த போ என்ற பாண்டாதான் நாயகன். முதல் படத்தில் ஊக்வே என்ற முதிய ஆமை அவனை ‘டிராகன் வீரன்’ என்று தேர்ந்தெடுக்கிறது. ஷிஃபூ என்ற குரு அவனுக்கு வித்தை கற்றுக்கொடுத்து, டாய் லங் என்ற பனிச்சிறுத்தையோடு மோத வைக்கிறார். இரண்டாம் படத்தில் பீரங்கியை வைத்துக்கொண்டு சீனாவையே பிடிக்க நினைக்கும் ஷென் என்ற வெள்ளை மயிலோடு மோதும் போதுதான், தன்னைப் பெற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் போ தெரிந்துகொள்கிறான். மூன்றாவதில் பெற்ற தகப்பன் லீ ஷான் கிடைக்கிறார். இந்த மூன்று படங்களிலும் பெண்புலி, குரங்கு, கொக்கு, விரியன் பாம்பு, கும்பிடுபூச்சி என்ற ஐந்து வீரர்கள் அவனுடன் இருக்கிறார்கள்.

நான்காவதில் போ ஊருக்கு ஆன்மிக வழிகாட்டியாகப் பதவி உயர வேண்டும். தன் இடத்துக்கு வேறொரு டிராகன் வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஜென் என்ற திருட்டு நரியோடு ஜூனிபர் என்ற நகரத்துக்குப் போய், உருமாறும் மந்திரக்காரியான பச்சோந்தி ஒருத்தியை எதிர்க்கிறான்.

பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்த படத்தை ‘சோம்பல்’ என்று சொல்வது நியாயமா?

உழைத்தவர்களை அல்ல, எழுதியவர்களையும் இதுபோதும் என்று முடிவெடுத்தவர்களையும்தான் சொல்கிறேன். ரோமம் ரோமமாக அசைகிற நரியையும், அடுக்கடுக்காக எழும்பி நிற்கிற நகரத்தையும் வரைந்த கலைஞர்களிடம் நான் எந்தக் குறையும் காணவில்லை. சண்டைக் காட்சிகளிலும் வேகம் இருக்கிறது. சோம்பல் இருப்பது வேறிடத்தில்: முந்தைய மூன்று படங்கள் பாடுபட்டுச் சேர்த்து வைத்ததை இந்தப் படம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் ஷிஃபூ ஒரு குகையில் நின்று, மேலிருந்து விழும் ஒரு துளி நீரைக் கையில் ஏந்தி, உடைந்துவிடாமல் உடம்போடு உருட்டி, ஒரு சிறு செடியின் இலையில் கொண்டுபோய் இறக்குகிறார். மனம் அமைதியடைந்தால்தான் இது கைகூடும் என்கிறார். போவுக்கு அது விளங்கவில்லை. படம் முழுக்க அவனைத் துரத்துவது, குழந்தையாக இருந்த தன்னை ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்வி. இடிந்து கிடக்கும் பழைய ஊரில், மழைக்கு நடுவே, தாய் தன்னை முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்டு எதிரிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியதை அவன் நினைவுகூர்கிறான். அந்த வேளையில் ஒரு துளி அவன் கையில் விழுகிறது; குகையில் குரு செய்ததை அறியாமலே இவனும் செய்துவிடுகிறான். கடைசிச் சண்டையில் பீரங்கிக் குண்டுகளையும் அதே அசைவால் ஏந்தித் திருப்பி விடுகிறான். வித்தையும் துக்கமும் ஒன்றாக முடிந்து கிடப்பதால்தான், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்தக் குண்டு திரும்பும்போது தொண்டை அடைக்கிறது.

நான்காவது படத்தில் போ மரத்தடியில் கண்ணை மூடி அமர்ந்து அதே மனஅமைதியை வரவழைக்கப் பார்க்கிறான். சொல் குழறிக் குழறி இரவுச் சாப்பாட்டில் போய் நிற்கிறது. கொட்டகை சிரித்தது, நானும் சிரித்தேன். நகைச்சுவைக்காக அவன் தின்பண்டத்தை நினைப்பது புதிதில்லை. ஆனால் தாயின் நினைவைக் கடந்து பெற்ற ஒன்றை இப்படிச் செலவழித்த பிறகு, அதற்கு ஈடாக இந்தப் படம் எதையாவது தந்திருக்க வேண்டும். தரவில்லை.

அந்த ஐந்து வீரர்கள் இல்லாதது அவ்வளவு பெரிய குறையா? புதிய பாத்திரங்கள் வருவது இயல்புதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஐவரும் ஆளுக்கொரு வேலையாக வெளியூர் போயிருக்கிறார்கள் என்று ஒரே பேச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் காண்பது கதையெல்லாம் முடிந்து பெயர்கள் ஓடும் நேரத்தில்தான்.

எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் மகளுக்குப் பெண்புலி என்றால் உயிர். படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். “சித்தப்பா, புலியக்கா எப்ப வருவாவ?” என்று முதலில் ஆவலாகக் கேட்டாள், இடைவேளையில் அதையே சந்தேகத்தோடு கேட்டாள், கடைசிச் சண்டையின்போது கேட்கவில்லை, கதவு திறக்கும் காட்சிகளில் எல்லாம் திரையின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஓடும்போது ஐவரும் வந்தார்கள். அதற்குள் பாதிப் பேர் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு, மறைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் இருக்கையின் மேல் ஏறி நின்று பார்த்தாள். “இம்புட்டுத்தானா?” என்றாள்.

பிள்ளையின் ஏக்கத்தை விடுங்கள், கதையின் நியாயத்தையே பாருங்கள். படத்தின் மையக் கேள்வி, அடுத்த டிராகன் வீரர் யார் என்பது. முதல் படத்தில் அந்தப் பட்டம் கிடைக்கும் என்று ஊரே எதிர்பார்த்திருந்தது பெண்புலிக்குத்தான். ஊக்வேயின் விரல் அவளை நோக்கி நீளும் வேளையில், வாணவெடி கட்டிய நாற்காலியில் பறந்து வந்த போ நடுவில் விழுந்தான். பட்டம் அவனுக்குப் போயிற்று. அந்த மனக்கசப்பை அவள் விழுங்கி, அவனைப் பொறுத்து, பிறகு மதித்து, இரண்டாம் படத்தில் கட்டியணைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது எத்தனை அழகான வளர்ச்சி! அப்படிப்பட்டவள் இல்லாத இடத்தில் அந்தப் பட்டத்துக்கு வாரிசு பேசுவது, மூத்தவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதற்குச் சமம். அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘எனக்கு அது வேண்டாம்’ என்று அவள் சொல்லியிருந்தாலும் போதும், அந்த ஒரு காட்சியே படத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கும்.

இன்னொன்று. பச்சோந்தி கெட்டவளாக மாறிய காரணம், உருவம் சிறியது என்று சொல்லி அவளுக்குக் குங்ஃபூ கற்றுத்தர மறுத்துவிட்டார்கள் என்பது. நல்ல காரணம், இரக்கம் வரவழைக்கிற காரணம். கொழுத்த உடம்பு என்று எல்லோரும் கேலி செய்த போவும், சிறிய உடம்பு என்று விரட்டப்பட்ட இவளும் நேருக்கு நேர் நிற்கும்போது எவ்வளவோ பேசியிருக்கலாம். அதைவிட, ஐவரில் ஒருவரான கும்பிடுபூச்சி உள்ளங்கையில் அடங்குகிற உருவம். அவரும் பெரிய வீரர். பச்சோந்தியின் குறைக்கு உயிருள்ள பதிலே அவர்தான். அவரை வெளியூருக்கு அனுப்பிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்றால், தங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

டாய் லங் திரும்பி வருகிறானே, அதுகூடப் பிடிக்கவில்லையா?

வருகிறான் என்பதில்தான் வருத்தமே. ஆவிகளின் உலகத்திலிருந்து அவனை வரவழைக்கிறாள் பச்சோந்தி. முதல் படத்தில் ஷிஃபூவின் வாசலில் குட்டியாகக் கிடைத்து, அவரால் மகனைப் போல வளர்க்கப்பட்டு, பட்டம் கிடைக்காத ஆத்திரத்தில் ஊரை அழிக்கக் கிளம்பியவன் அவன். அவனைச் சிறையில் அடைத்த பிறகு வேறு யாரிடமும் அன்பு காட்ட முடியாமல் இறுகிப்போனவர் ஷிஃபூ. இறந்துபோன பிள்ளை திரும்பி வந்திருக்கிறான். தகப்பன் அந்த நகரத்துக்கு வரவேயில்லை. இருவரும் சந்திக்காமலே டாய் லங் போய்ச் சேர்கிறான். போவின் தகுதியை அவன் ஒப்புக்கொண்டு வணங்கும் இடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் வணக்கம் சொல்ல வேண்டியவர் இன்னொருவர் இருந்தார்.

ஷென், மூன்றாம் படத்தின் எதிரியான காய் போன்ற பழையவர்களும் தலைகாட்டுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படத்திலும் ஒன்றுமில்லை.

தொடர்ச்சி என்றாலே பழைய கதையைத் திரும்பச் சொல்வதுதானே? அதைக் குறை சொல்லலாமா?

திரும்பச் சொல்வதைக் குறை சொல்லுகிறவன் திருநெல்வேலிச் சீமையில் இருக்க முடியாது. ஆண்டுதோறும் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு வைக்கிறோம். சுடலைமாடன் கதைதான், போன ஆண்டும் அதுதான், தாத்தா காலத்திலும் அதுதான். மாடன் மலையாள நாட்டுக்குப் போய் மந்திரவாதியோடு மோதும் கட்டம் எப்போது வரும் என்று கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். வீசுகோலை வில்லில் தட்டிக்கொண்டே புலவர் புதிதாக இரண்டு வரி சேர்ப்பார், உள்ளூர்ப் பகடி ஒன்றைச் செருகுவார், குடம் அடிப்பவர் அதற்கு ஆமாம் போடுவார்; அதையெல்லாம் கூட்டம் ரசிக்கும். ஆனால் நேரமாகிவிட்டது என்று பேச்சியம்மன் பகுதியை விட்டுவிட்டுத் தாண்டிப் பாருங்கள். முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் அந்த இடத்திலேயே எழுந்து கேட்பார்.

கதை பழையதாக இருப்பதில் யாருக்கும் மனக்குறை இல்லை. கதையில் யார் யாருக்கு என்ன இடம் என்பதைச் சொல்லுகிறவரே மறந்துவிட்டால்தான் சண்டை வரும். குழந்தைகள் ஒரே படத்தை இருபது முறை பார்க்கிறவர்கள். ஆதலால் அவர்களும் அந்த முன்வரிசைப் பெரியவரைப் போன்றவர்களே.

செலவைக் குறைத்ததால் இப்படி ஆயிற்று என்கிறார்களே?

செலவு குறைந்தது உண்மை. இரண்டாம் படத்துக்கு ஆன செலவு சுமார் 15 கோடி டாலர். நான்காவதுக்குச் சுமார் 8.5 கோடி டாலர். கணினி வரைகலைப் படத்தில் ஒரு பாத்திரம் கூடுதலாக நின்றால், அதன் தோல், ரோமம், இறகு, முகபாவம் அத்தனையையும் படச்சட்டம் படச்சட்டமாக இயக்க ஆள் வேண்டும். ஐந்து பேரைப் படம் நெடுக நிறுத்துவது சின்ன வேலையல்ல என்பது எனக்கும் புரிகிறது. வசூலில் நட்டமும் இல்லை. உலக அளவில் 54 கோடி டாலருக்கு மேல் வந்தது. அது மூன்றாம் படத்தின் வசூலையும் தாண்டிய தொகை. முதலாளிகளின் பார்வையில் இது வெற்றிப் படம்.

ஆயினும் பணத்தைக் காரணமாக ஏற்க எனக்கு மனமில்லை. அதே நிறுவனம் 2022இல், ஏறக்குறைய அதே அளவு செலவில், ‘புஸ் இன் பூட்ஸ்’ பூனையின் இரண்டாவது படத்தை எடுத்தது. முதல் படம் வந்து 11 ஆண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சி அது. ஒன்பது உயிர்களில் எட்டைத் தொலைத்துவிட்ட பூனையை ஓநாய் உருவில் மரணமே துரத்துகிறது; வாழ்நாள் முழுவதும் மார்தட்டிக்கொண்டிருந்தவன் முதன்முறையாகப் பயப்படுகிறான். முதல் படத்தில் வந்த தோழியும் திரும்ப வருகிறாள். சும்மா தலைகாட்டிவிட்டுப் போகவில்லை, கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனவன்மேல் உள்ள கோபத்தோடு வருகிறாள். பழைய பாத்திரத்தைப் பழைய கணக்கோடு கொண்டுவருவதற்கு டாலர் அதிகம் செலவாகாது.

குழந்தைகள் பார்க்கிற படத்துக்கு இவ்வளவு கறாரான அளவுகோல் தேவையா?

முதல் படம் குழந்தைகளுக்கு எடுத்ததுதான். ஒரு கிண்ணத்தில் மிஞ்சிய கடைசிக் கொழுக்கட்டைக்காகக் குருவும் சீடனும் குச்சிகளால் சண்டையிடும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பசி பொறுக்காதவனுக்குப் பசியை வைத்தே வித்தை கற்றுக்கொடுக்கிறார் ஷிஃபூ. கடைசியில் வென்ற கொழுக்கட்டையைப் போ தின்னாமல் குருவிடமே எறிந்துவிடுகிறான், பசியில்லை என்று சொல்லிவிட்டு. அந்தக் காட்சியில் பேச்சே குறைவு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்குகிறது, ஐம்பது வயதுக்காரருக்கும் ருசிக்கிறது. அளவுகோலை வைத்தவர்களே அவர்கள்தான். நான் வேறு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டவில்லை.

என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குப் பிடித்திருக்கிறதே?

பிடிக்கட்டும். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதைக் கெடுக்கும் எண்ணமும் எனக்கில்லை. “இது மட்டமான படம்லே” என்று பிள்ளையிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

நான் கவனித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதலிரண்டு படங்களைப் பார்த்த மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விளையாட்டு உடனே தொடங்கிவிடும். யார் புலி, யார் குரங்கு என்று பங்கு பிரிப்பதிலேயே பாதி நேரம் போகும். கடைக்குட்டிக்குக் கும்பிடுபூச்சி வேடம், அவன் அழுவான், பிறகு பூச்சிதான் எல்லோரையும் தூக்கிப்போடும் என்று சமாதானப்படுத்துவார்கள். கொடியில் காயும் துண்டு பாம்பாகிவிடும். ஆறேழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வேடம் இருந்தது. நான்காவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று போவும் நரியும் என்று இரண்டு பேருக்குத்தான் வேலை இருந்தது. பச்சோந்தியாக இருக்க யாரும் முன்வரவில்லை. சற்று நேரத்தில் கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். கூட்டமாக வாழும் பிள்ளைகளுக்கு, கூட்டமாக நிற்கும் வீரர்கள் தேவைப்படுகிறார்கள். அதை அந்த ஐவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் நல்லதே இல்லையா?

இருக்கிறது. வளர்த்த தகப்பன் பிங்கும், பெற்ற தகப்பன் லீ ஷானும் மகனைத் தேடிக் கிளம்பும் கிளைக்கதை அருமை. முந்தைய படத்தில் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பொறாமை தீர்ந்து, இரண்டு சம்பந்திகள் ஒரே பேருந்தில் ஏறித் திருச்செந்தூர் போவதுபோல, பயந்துகொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் சேர்ந்து போகிறார்கள். இந்த இருவரின் காட்சிகள் வரும்போதெல்லாம் படத்துக்குப் பழைய உயிர் வந்துவிடுகிறது. காரணம் எளிது: இவர்கள் இருவரும் முந்தைய கதையை மறக்கவில்லை.

ஜென் என்ற நரியையும் நான் வெறுக்கவில்லை. அவள் பச்சோந்தியிடம் வளர்ந்தவள் என்பதும், போவை ஏமாற்றி அழைத்துப் போகிறாள் என்பதும் நல்ல முடிச்சு. அவளுக்கு இன்னொரு படம் அளவுக்கு நேரம் கொடுத்து, தவறு செய்யவிட்டு, திருந்தவிட்டு, பிறகு பட்டத்தைக் கொடுத்திருந்தால் நானே கைதட்டியிருப்பேன். சில நாள் பழக்கத்தில், ஒரு துரோகமும் ஒரு மன்னிப்பும் முடிந்த கையோடு, வாரிசாக்கிவிட்டார்கள்.

படத்தின் நீளம் போதவில்லை என்பதால் இப்படியா?

இல்லை. நான்கு படங்களும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். இரண்டாவது 90 நிமிடம், நான்காவது 94 நிமிடம்.

தமிழ்க் குரலில் பார்த்தீர்களா? மொழிமாற்றத்தில் ஏதும் கெட்டுவிட்டதா?

தமிழில்தான் பார்த்தோம். மொழிமாற்றியவர்கள்மேல் பழி போட இடமில்லை. பிள்ளைகள் சிரித்த இடங்களில் பாதி அவர்கள் சேர்த்த பேச்சுக்குத்தான். திரையில் இல்லாத பெண்புலிக்கு அவர்கள் எப்படிக் குரல் கொடுப்பார்கள்?

மற்ற நிறுவனங்களும் இதையேதானே செய்கின்றன?

செய்கின்றன, நெடுநாளாகவே. டிஸ்னி 1994இல் அலாவுதீன் கதையின் தொடர்ச்சியைத் திரையரங்குக்கு அனுப்பாமல் நேராக வீடியோ கேசட்டாக விற்றது. அது நன்றாக விற்கவே, தன் புகழ்பெற்ற படங்கள் பலவற்றுக்கும் அதே பாணியில் மலிவுத் தொடர்ச்சிகளை ஆண்டுதோறும் இறக்கியது. சந்திப்புப் பக்கம் சிடி வாடகைக்கு விடும் கடைகள் இருந்த காலத்தில், அட்டையில் அதே சிங்கமும் அதே கடற்கன்னியும் இருப்பதை நம்பி எடுத்துக்கொண்டு போய், வீட்டில் போட்ட பிறகு முகங்களே வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து விழித்தவர்கள் என் வயதுக்காரர்களில் நிறையப் பேர் உண்டு. அந்தப் படங்களை எடுத்த பிரிவு 2018இல் மூடப்பட்டது.

அந்த மனப்போக்கு மூடப்படவில்லை. 2024 நவம்பரில் வந்த ‘மோவானா’ இரண்டாம் பாகம், இணையத் தளத்துக்கான தொடராகத் தொடங்கப்பட்டு, பாதி வழியில் திரைப்படமாக மாற்றப்பட்டது. கடல் காட்சிகள் கண்ணைப் பறித்தாலும், தொடர் அத்தியாயங்களை ஒட்டுப்போட்ட தையல் எனக்குத் தெரிந்தது. 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பிள்ளை கேட்டால் பெற்றவர்கள் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவசரத்தில் எடுத்தாலே கெட்டுப்போகும் என்றும் சொல்ல முடியாது. ‘டாய் ஸ்டோரி’ இரண்டாவது படமும் முதலில் வீடியோவுக்காகவே திட்டமிடப்பட்டது. பிறகு திரையரங்குக்கு என்று முடிவாகி, கதை சரியில்லை என்று தெரிந்ததும், ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் பெரும்பகுதியைப் புதிதாகச் செய்து 1999இல் வெளியிட்டார்கள். வேலை செய்தவர்கள் உடல்நலம் கெடும் அளவுக்கு வாட்டப்பட்டார்கள் என்பதால், அதை மெச்சவும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கதை சரியில்லை என்பதை வெளியிடுவதற்கு முன்பே தங்களுக்குள் ஒப்புக்கொண்டார்களே, அது இங்கே நடக்கவில்லை.

பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் காட்டலாம்?

முதல் இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் காட்டுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இரண்டாவதில் பாண்டா ஊர் எரியும் காட்சியின்போது பக்கத்தில் இருங்கள். மூன்றாவதில் நடுப்பகுதி கொஞ்சம் இழுத்தாலும், பாண்டாக் குட்டிகள் மலைச்சரிவில் உருண்டு வருவதைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். பூனைப் படம் எட்டு வயதுக்கு மேல். ஓநாய் விசிலடித்துக்கொண்டு வருவது சிறியவர்களுக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். நான்காவதை மழை நாளில், வேறு வேலையில்லாதபோது பார்க்கலாம்.

இதற்காகக் குடும்பத்தோடு திரையரங்குக்குப் போவது வீணா?

முக்கூடலிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ பேருந்து ஏறி, நான்கு டிக்கெட், நான்கு பாப்கார்ன், திரும்பும் வழியில் புரோட்டா என்று செலவழிக்கிற குடும்பத்துக்கு இது ஒரு மாதத்தின் ஒரே கேளிக்கை. அவர்களிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் படம் மார்ச் மாதத்தில், முழுப்பரீட்சை நெருக்கடிக்கு நடுவே வந்தது. அப்படியிருந்தும் நாங்கள் போன காட்சி நிறைந்திருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்து வருகிறவர்களை எண்ணித்தான் எனக்குக் கோபம் கூடுகிறது.

ஐந்தாம் பாகம் வந்தால் போவீர்களா?

போகத்தான் வேண்டும், எங்கள் வீட்டில் அதை முடிவு செய்வது நானில்லை. முன்னோட்டம் வந்ததும் அண்ணன் மகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவேன். பெண்புலி ஒரு வாக்கியமாவது பேசினால் முதல் நாளே டிக்கெட் எடுக்கிறோம். பேசவில்லை என்றால், வீட்டுத் தொலைக்காட்சியில் வரும்வரை பொறுத்துக்கொள்வதாக அவளே சொல்லியிருக்கிறாள்.